ஜமீனுக்கு ஒரு மொபெட்

அக்டோபர் 6, திங்கள்

ஜமீன் இன்றும் நகரவில்லை.

சேணம் போட விடுகிறான். ஏற விடுகிறான். ஏறி உட்கார்ந்த பிறகு ஐயனார் கோயில் மண்குதிரை மாதிரி நிற்கிறான். கால்களால் விலாவை அழுத்தினேன், கடிவாளத்தைத் தளர்த்தினேன், கெஞ்சினேன். பொள்ளாச்சி வட்டாரத்தில் எத்தனையோ எருமைகளை அதட்டிப் பணியவைத்த அரசுக் கால்நடை மருத்துவர் நான். இன்று ஒரு குதிரையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு தென்னை மரங்களை வேடிக்கை பார்த்தேன்.

தினமும் பயிற்சிக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறாள் பிரியம்வதா. இந்தத் தோப்புக்குள் இருக்கும் குதிரையேற்றப் பள்ளி அவளுடையது. ஜெர்மனியில் போய்ப் படித்துவிட்டு வந்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் அவள் பேசினால் நான் என்னை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். அவளுக்குக் காட்ட ஒரு குறிப்பு தனியாக எழுதுகிறேன். இது எனக்கு.

ஜமீன் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓடியவன். மாசி மாதப் பந்தயம் ஒன்றில் முன்னங்கால் தசைநாண் வீங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டான். வண்டியைக் கழற்றிக்கொண்டு அவனைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து ஒரு விலங்குநல அறக்கட்டளை அவனை மீட்டு என் மருந்தகத்துக்குக் கொண்டுவந்தது. கால் இப்போது தேறிவிட்டது. தேறியது தெரிந்ததும் பழைய உரிமையாளருக்குப் பாசம் பொங்கிவிட்டது, குதிரையைத் திருப்பிக் கேட்கிறார். தார்ச் சாலையில் இன்னொரு பந்தயம் ஓடினால் அந்தக் கால் போய்விடும். அந்தக் காலைத் தினம் தடவிப் பார்த்துக் கட்டுப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

பிரியம்வதா ஒரு வழி சொன்னாள். பிள்ளைகள் ஏறிப் பழகும் சவாரிக் குதிரையாக ஜமீன் மாறினால், பள்ளியே அவனை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும். அதற்கு அத்தாட்சியாகப் பொங்கலுக்கு முன் நடக்கும் டிரெஸ்ஸாஜ் தேர்வில் அவன் தேற வேண்டும். தேறாவிட்டால் பழையவரிடமே போக வேண்டியதுதான். அவனை மீட்டுவந்த அறக்கட்டளையும் இதற்குச் சம்மதித்துவிட்டது.

டிரெஸ்ஸாஜ் என்றால் ஒரு நீள்சதுர மைதானம், ஓரத்தில் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் நுழை, அந்த எழுத்தில் வட்டம் போடு, நடுவில் இருக்கும் எக்ஸில் நில் என்று ஒரு வரிசை. எல்லாவற்றையும் சத்தமே இல்லாமல் காலாலும் இடுப்பாலும் குதிரைக்குச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் மதிப்பெண் குறையும். நான் வாயைத் திறக்காமல் இருப்பது ஜமீன் நடப்பதைவிடக் கஷ்டம் என்கிறாள் என் தங்கை சுகந்தி.

அக்டோபர் 8, புதன்

நகரவில்லை. மழை.

அக்டோபர் 11, சனி

சுகந்தி ஈரோட்டிலிருந்து பேசினாள். நாற்பத்து நாலு வயதில் குதிரை எதற்கு, ஒரு நாய்க்குட்டி போதாதா என்றாள். கல்லூரிக் காலத்தில் நான் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்ததை அவளுக்கு நினைவூட்டினேன். அப்போதும் விழுந்துகொண்டேதான் இருந்தாய் என்று அவள் எனக்கு நினைவூட்டினாள்.

எனக்குக் கல்யாணம் ஆகாதது அவளுக்கு இன்னும் ஒரு குறை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் வந்த நேரத்திலெல்லாம் எங்கோ ஒரு மாடு கன்று போட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கே இருந்தேன்.

ஜமீன் இன்று காதை ஆட்டினான். முன்னேற்றம் என்று எழுதிவைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஐயோ, என்ன ஒரு நாள்!

வழக்கம்போல ஜமீன் மேல் சிலையாக உட்கார்ந்திருந்தேன். வேலியோரப் பாதையில் ஒரு மொபெட் வந்தது. மில்லில் உடைத்த கொள்ளு மூட்டையைக் குதிரைகளுக்குக் கொண்டுவந்த மாவு மில்காரர். அந்த வண்டியின் படபடச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குக் கீழே ஏதோ உயிர் பெற்றது. ஜமீன் கழுத்தை வில்லாக வளைத்தான், முன்னங்காலை வீசினான், புறப்பட்டுவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் மொபெட், இந்தப் பக்கம் நாங்கள். என்ன நடை அது! வேகமான அளவான துள்ளோட்டம், நான்கு கால்களிலும் தாளம் தப்பவில்லை. நான் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மில்காரர் திரும்பிப் பார்த்தார், பயந்து இன்னும் முறுக்கினார், ஜமீனும் இன்னும் வேகம் பிடித்தான். பாதை முடியும் இடத்தில் அவர் வண்டியைக் கொள்ளோடு கீழே போட்டார். ஜமீன் அந்த இடத்திலேயே நின்று, தோற்றவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பந்தயத்தில் வண்டிக்குப் பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் ஓடும், விசிலும் ஹாரனுமாக. பக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் ஓடு என்று அவனுக்குப் பாடம். முதுகில் ஒரு மனுஷி உட்கார்ந்து காலால் அமுக்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாவம், பிடிவாதக்காரன் என்று அவனை எவ்வளவு திட்டிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மில்காரர் பெயர் நாச்சிமுத்து. தினமும் காலையில் மைதானத்துக்கு வந்து குதிரைக்குப் பக்கத்தில் மொபெட் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். இப்படி ஒரு கோரிக்கையை நான் யாரிடமும் வைத்ததில்லை. அவர் சிரிக்கவில்லை. முழங்கை சிராய்ப்புக்கு நான் போட்ட மருந்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். மில் ஒன்பது மணிக்குத்தான் திறப்பதாகவும், அதுவரை தனக்கு வேலை இல்லை என்றும் சொன்னார்.

“ஓட்டிட்டாப் போச்சுங்க, டாக்டரம்மா. ஆனா மெதுவா ஓட்டோணும்னா சொல்லிப்போடுங்க. நான் கொஞ்சம் வேகங்க.”

அவர் வேகமே இல்லை. அவரை ஒரு சைக்கிள் முந்திப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு வாரமாக ஓடுகிறோம். ஓடுகிறோம்! பிரியம்வதா முதல் நாள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மைதானத்தில் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த விதிப்புத்தகப்படி மணல் போட்டிருக்கிறது. அதில் மொபெட் டயர் தடம். பிறகு ஜமீனின் ஓட்டத்தைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கினாள். “சரி, மேடம். ஆனா அந்த வண்டியை நாளுக்கு நாள் தூரமாக் கொண்டுபோகணும். கடைசியில வண்டியே இருக்கக் கூடாது” என்றாள்.

முறை இதுதான். நான் காலால் அமுக்குவேன். உடனே நாச்சிமுத்து முறுக்குவார். அமுக்கினால் ஓடு என்று ஜமீன் புரிந்துகொள்ள வேண்டும். நான் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து உட்காருவேன், அவர் பிரேக் பிடிப்பார். சாய்ந்தால் நில். ஆக, என் இடுப்பு என்ன சொல்கிறது என்று குதிரைக்கு முன்னால் நாச்சிமுத்து கற்றுக்கொள்ள வேண்டும். அவர் என்னைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு ஓட்டுவது இதற்காகத்தான். வட்டம் திரும்பும்போது மணலில் விழுகிறார். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, குதிரையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறார்.

அக்டோபர் 27, திங்கள்

சவாரிக்கு ஒரு புதுச் சட்டை எடுத்தேன், கடுகு மஞ்சள். பழைய சட்டை தோளில் பிடிக்கிறது. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றது ஹெல்மெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

நாச்சிமுத்துவுக்கு மனைவி இல்லை, தவறிப் பல வருடம் ஆகிறது. மகள் திருச்சியில் படிக்கிறாள். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். சரி, கேட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

இன்று நடந்ததை எழுதுவதற்குள் மூன்று முறை சிரித்துவிட்டேன்.

மழையில் ஊறி எழுத்துப் பலகைகள் உப்பி விழுந்துவிட்டன. புதிது செய்ய நாளாகும். எழுத்து இல்லாமல் எங்கே திரும்புவது? எங்கிட்ட விடுங்க என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் மணல் மேல் பளிச்சென்று ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றும் முறம் அளவு. எஃப் ரொம்ப அழகு. நடுவில் எக்ஸ் இருந்த இடத்தில் அவர் கை நின்றிருக்காது போல, சுற்றிலும் ஒரு சிக்குக் கோலம்.

எல்லாம் பச்சரிசி மாவு. மில்காரர் வேறு எதில் எழுதுவார்?

ஜமீன் ‘ஏ’யில் நுழைந்தான். ‘கே’ வந்தது. தலையைக் குனிந்து ‘கே’யைத் தின்றான். அடுத்து ‘ஈ’. நான் காலால் அமுக்குகிறேன், நாச்சிமுத்து பக்கத்தில் முறுக்குகிறார், அவன் எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல் எழுத்து எழுத்தாகச் சாப்பிட்டுக்கொண்டு போனான். மீதியைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன. பிரியம்வதா வந்து, யார் இங்கே கோலம் போட்டது என்றாள். நாச்சிமுத்து மொபெட்டுக்குப் பின்னால் ஏதோ தேடினார். எனக்குச் சேணத்தில் உட்கார முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

நாச்சிமுத்து மிளகாய் அரைத்த கையோடு வந்துவிட்டார். சட்டையெல்லாம் நெடி. ஜமீன் அடிக்கு ஒரு தும்மல், நான் வட்டத்துக்கு ஒரு தும்மல். அவர் மட்டும் அசையவில்லை. இருபது வருடமாகத் தும்மியதே இல்லையாம். நான் தும்மும்போதெல்லாம் “நூறு வயசுங்க” என்றார். தொடர்ந்து சொல்லிச் சொல்லி என் வயதை எங்கோ கொண்டுபோய்விட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மாவில் ஒரு நன்மை விளைந்தது. எக்ஸில் மட்டும் ஒரு சிட்டிகை போடச் சொன்னேன். நாலு நாளில் ஜமீன் அந்த இடத்துக்கு வந்ததும் தானாக நான்கு காலையும் சதுரமாக ஊன்றி நிற்கப் பழகிவிட்டான். இப்போது மாவே தேவையில்லை, நான் பின்னால் சாய்ந்தால் போதும். இப்படி நிற்க வைக்க ஜெர்மனியில் மாதக்கணக்கில் பாடுபடுவார்களாம். என்ன முறை கையாண்டீர்கள் என்று பிரியம்வதா பணிவாகக் கேட்டாள். அனுபவம் என்றேன். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று பவ்யமாகத் தலையாட்டினார்.

நவம்பர் 23, ஞாயிறு

நாச்சிமுத்து தாமதமாக வந்தார். பஞ்சர். அவர் வருவதற்குள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று காலை லேசாக அமுக்கினேன். ஜமீன் ஓடினான். ஓரம் முழுக்க ஒரு சுற்று, பிறகு ‘ஈ’யில் ஒரு பெரிய வட்டம், கடைசியில் எக்ஸில் சதுரமாக நின்றான்.

தற்செயலாக இருக்கும். தோப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பம்ப் செட் போட்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடியிருப்பான். இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரியம்வதாவுக்கான குறிப்பிலும் எழுதவில்லை.

நாச்சிமுத்து வந்ததும் வழக்கம்போலத் தொடங்கினோம்.

நவம்பர் 28, வெள்ளி

பம்ப் செட் ஓடவில்லை. மொபெட் வருமுன் மறுபடி ஓடிப் பார்த்தான். நான் அமுக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அமுக்கியிருந்தால் கொஞ்சம்தான்.

எந்தப் பயிற்சியையும் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. இது மருத்துவ உண்மை.

டிசம்பர் 5, வெள்ளி

மொபெட்டை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்கிறாள் பிரியம்வதா. நான் அவளுக்குத் தசைநாண், நரம்பு மண்டலம், பழக்கம் உருவாகும் விதம் எல்லாவற்றையும் விளக்கினேன். எனக்கே நம்பும்படி இருந்தது. அவள் என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். சரி மேடம், உங்க இஷ்டம் என்று போய்விட்டாள்.

அவர் மொபெட் ஓட்டும்போது ஏதோ பாட்டு முனகுகிறார். எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ராகம் அவ்வளவு மோசம். இன்று மருந்தகத்தில் ஓர் ஆட்டுக்கு ஊசி போடும்போது அதையே நானும் முனகிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

நாச்சிமுத்து மகளைப் பார்க்கத் திருச்சி போயிருக்கிறார். புதன்கிழமைதான் வருவார். போகட்டும், எனக்கென்ன.

டிசம்பர் 14, ஞாயிறு

ஜமீன் தேர்வு வரிசை முழுவதையும் செய்தான். முதல் எழுத்திலிருந்து கடைசி வணக்கம் வரை. பக்கத்தில் வண்டி இல்லை, தோப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிரியம்வதா கை தட்டினாள்.

ஆட்டத்தில் களை இல்லை. மைதானம் வெறிச்சென்று கிடந்தது. காலநிலை சரியில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றும் முழு வரிசையும் செய்தான். நன்றாகத்தான் செய்தான். எழுத வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 17, புதன்

நாச்சிமுத்து வந்துவிட்டார். முடி வெட்டியிருக்கிறார். காது இரண்டும் புதிதாகத் தெரிகின்றன. எனக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொண்டுவந்தார், ஜமீனுக்கு வெல்லம்.

“நான் இல்லாம ஓடுச்சுங்களா?” என்று கேட்டார்.

ஒரு அடி எடுத்துவைக்கவில்லை என்றேன்.

பதவியேற்றபோது உறுதிமொழி எடுத்தவள் நான். இதுவரை ஒரு கோழிக்குக்கூடப் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததில்லை. நல்லவேளை பிரியம்வதா பக்கத்தில் இல்லை. ஜமீன் இருந்தான், ஆனால் வாயில் வெல்லம்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

சுகந்தியிடம் பேசும்போது மொபெட் என்ற சொல்லை நான் பதினோரு தடவை சொன்னதாக அவள் எண்ணியிருக்கிறாள். யார் அது என்றாள். அது ஒரு பயிற்சிச் சாதனம் என்றேன். “அக்கா, சாதனத்துக்கு முடி வெட்டுனா நல்லா இருக்குதுன்னு யாராவது சொல்லுவாங்களா?” என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிப்பது பூனைக்கு மட்டும்தான் தெரிவதில்லை போலிருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

பழைய உரிமையாளர் வந்திருந்தார். வேலிக்கு வெளியே நின்று ஜமீனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அவர் பார்க்கவில்லை. தைப்பூசத்துக்கு உடுமலைப் பக்கம் பெரிய பந்தயமாம், நல்ல ஓட்டம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்தார். அடுத்த ஞாயிறு தேர்வு, தேறாவிட்டால் அன்றைக்கே ஏற்றிப் போக வண்டி கொண்டுவருவாராம்.

அவர் போன பிறகு ஜமீனின் முன்னங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது. இவன் தேற வேண்டும். தேறினால் மறுநாளிலிருந்து மைதானத்தில் மொபெட்டுக்கு வேலை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியவில்லை, ஒன்றை நினைத்தால் சந்தோஷம், மற்றதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னிடம் இப்படி ஒரு மாடு வந்தால் என்ன நோய் என்று உடனே சொல்லிவிடுவேன்.

ஜனவரி 10, சனி

ஜமீனைக் குளிப்பாட்டினோம், நான், பிரியம்வதா, நாச்சிமுத்து மூவரும். பிடரிமயிரைப் பின்னும்போது எங்கள் விரல்கள் இடித்துக்கொண்டன. பிரியம்வதாவின் விரல்களைச் சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து நடுவர் வந்துவிட்டார். விதிகளை வாசித்துக் காட்டினார். மைதானத்துக்குள் எந்த வாகனமும் கூடாது. வெளியிலிருந்து யாராவது சத்தம் போட்டோ சைகை காட்டியோ உதவினால் அந்தக் குதிரை உடனே வெளியேற்றம். நாச்சிமுத்து மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்னும் சாப்பிடக்கூட இல்லை. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

எங்கள் முறை கடைசி. வேலிக்கு அப்பால் பழையவர் கொண்டுவந்த வண்டி, பின்கதவு திறந்தே கிடந்தது. ‘ஏ’யில் நுழைந்தோம். எக்ஸில் நின்றான், சதுரமாக. நான் நடுவருக்கு வணக்கம் வைத்தேன். புறப்பட்டோம். இடப்பக்கம் திரும்பி, ‘ஈ’யில் வட்டம். ஜமீன் என் காலுக்கு ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. அவன் முதுகு அலையாக என்னைத் தூக்கித் தூக்கி வைத்தது. பேசக் கூடாது என்பது மறந்து பாடிவிடுவேனோ என்று பயந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுபக்கம் திரும்பியபோது வேலியோரத்தில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மொபெட். நாளையிலிருந்து இவர் எதற்கு வருவார் என்ற நினைப்பு ஓடியது. அவ்வளவுதான். ‘பி’யில் வட்டம் தொடங்கும்போது ஜமீன் நின்றுவிட்டான்.

அமுக்கினேன், அவன் நகரவில்லை. அக்டோபரில் நின்ற அதே சிலை. நடுவர் பேனாவை எடுப்பது தெரிந்தது. அப்போது நாச்சிமுத்துவின் வலது கால் மொபெட்டின் உதைக்கும் கட்டை மேல் இருந்தது.

வண்டிச் சத்தம் இல்லாமல் ஓடமாட்டான் என்று இந்த மனுஷரிடம் நான்தானே சொன்னேன்? இப்போது ஒரு உதை உதைத்தால் போதும். ஜமீன் பறப்பான், நாங்கள் வெளியேற்றப்படுவோம், அந்தத் திறந்த கதவுக்குள் அவன் ஏறுவான். நான் சொன்ன ஒரு பொய்க்கு அவன் கால் போகப் போகிறது. அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

அந்த அசைவில்தான் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கல்லாகப் பின்னால் சாய்ந்து, இடுப்பை இறுக்கி உட்கார்ந்திருக்கிறேன். சாய்ந்தால் நில் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். நில் என்றுதான் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குதிரை மேல் ஒரு குற்றமும் இல்லை. போக விரும்பாதவள் நான்தான்.

மூச்சை விட்டேன். இடுப்பைத் தளர்த்தினேன். போகலாம் ராஜா, என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் காலை லேசாக ஒட்டினேன்.

போனான்! அப்படிப் போனான்! மீதி வட்டம், நடை, மறுபடி ஓட்டம், கடைசியில் நடுக்கோட்டில் நூல் பிடித்த மாதிரி வந்து எக்ஸில் நின்றான். வணக்கம் வைக்கும்போது என் கண்ணில் நீர். ‘பி’யில் நின்றதற்கு மதிப்பெண் போய்விட்டது. மற்றதெல்லாம் காப்பாற்றியது. ஜமீன் தேறிவிட்டான். பிரியம்வதா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜெர்மன் மொழியில் ஏதோ அழுதாள். பழையவர் வண்டியின் கதவைச் சாத்தினார். ஜமீன் இனி எங்கும் போகவேண்டாம்.

சேணத்தைக் கழற்றிவிட்டு நேராக நாச்சிமுத்துவிடம் போனேன். உதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“உதைக்கறதுக்கு வெக்கலீங்க. அது நின்னதும் எனக்குக் கால் வெடவெடன்னு ஆடிப்போச்சு. எங்கியாச்சும் ஊணி நிக்கோணுமில்லீங்களா” என்றார்.

பிறகு, மொபெட்டின் ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“வண்டி வேண்டாம்னு கார்த்திகையிலயே தெரியுமுங்க. குதிரை முன்னால ஓடும். நாந்தான் பொறத்தால ஓட்டிக்கிட்டு வருவேன்.”

திருச்சியிலிருந்து வந்த அன்று நான் சொன்னது பொய் என்றும் தெரியுமா என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். வெட்டிய முடி வளர்ந்துவிட்டது, ஆனாலும் காதுகள் சிவந்தது தெரிந்தது.

“தெரிஞ்சும் எதுக்கு தினம் வந்தீங்க?”

“நீங்க எதுக்குங்க தினம் வரச் சொன்னீங்க?”

நான் ஹெல்மெட் வாரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். தேர்வுதான் முடிந்துவிட்டதே, இனிப் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“நாளைக்கும் வாங்க” என்றேன். “குதிரைக்காக இல்லை.”

அவர் மொபெட்டை உதைத்தார், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். சாவி போடவில்லை. சாவி கையிலேயே இருந்தது. நான்தான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

சுகந்திக்குப் போன் செய்து, தேறிவிட்டது என்றேன். எது என்று கேட்டாள்.

ஜனவரி 12, திங்கள்

விடியும்போதே போய்விட்டேன். கடுகு மஞ்சள் சட்டை. தோப்பில் பனி. பாதையில் படபடச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஜமீனும் நின்றான். சத்தம் வரவில்லை. நேரமாக ஆக, நேற்று அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று உள்ளுக்குள் குன்றிப்போனேன்.

வேலித் திருப்பத்தில் அவர் வந்தார். மில்லிலிருந்து அத்தனை தூரமும் நடந்து வந்திருக்கிறார். வேர்த்து, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மொபெட் எங்கே என்று கேட்டேன்.

“அதுக்கு இனி இங்க என்ன வேலைங்க?” என்றார்.